உக்கிரபாண்டி சாரி சொன்ன கதை

ஒரு காட்டில், போயும் போயும் மனசாட்சி உள்ள புலி ஒன்று இருந்தது. பெயர் உக்கிரபாண்டி. ஒரு மானைத் தின்றுவிட்டால் அதற்கு வாரக்கணக்கில் தூக்கம் வராது. செத்த மானின் கண்கள் நினைவுக்கு வரும். உறுத்தல் அடங்கும்வரை வேட்டைக்குப் போகாது. மான்கள் பிள்ளைகுட்டி பெற்றதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

ஜீப்பில் காடு பார்க்க வருகிறவர்கள் உக்கிரபாண்டியைக் கண்டதும் "க்யூட்! க்யூட்!" என்று கூவினார்கள். திட்டுகிறார்களோ என்று அதற்குச் சந்தேகம். ஆற்றங்கரை நாவல் மரத்தில் ஆங்கில வகுப்பு நடத்திய ஏகாம்பரம் என்ற குரங்கிடம் போய்க் கேட்டது.

"நீங்க அழகா இருக்கீங்கன்னு அர்த்தம்," என்றது குரங்கு, உச்சிக் கிளையிலிருந்து.

புலிக்கு வெட்கம் வந்துவிட்டது. அன்றே வகுப்பில் சேர்ந்தது. 'ப்ளீஸ்' என்றால் தயவுசெய்து. 'தேங்க்யூ' என்றால் நன்றி. பிறகு 'சாரி' வந்தது.

"தப்பு பண்ணிட்டு, வருத்தமா இருக்குன்னு சொல்றது," என்றது குரங்கு.

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு என்ன? அவ்வளவுதான். போயிடலாம்."

"மாஸ்டர்... அப்புறம் தூக்கம் வருமா?"

"ஜோரா வரும். எல்லாரும் அதுக்குத்தானே சொல்றாங்க."

உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கியது. ஒரு வார்த்தை தெரியாமல் இத்தனை வருஷம் பட்டினி கிடந்திருக்கிறோமே!

மறுநாளிலிருந்து தினமும் வேட்டை. கழுத்தைக் கவ்வுமுன் ஒரு சாரி. தின்று முடித்ததும் குறட்டை. மான் கூட்டம் பாதியாகக் குறைந்தது.

புருஷனைப் பறிகொடுத்த பூரணி என்ற மான் ஒருநாள் ஆற்றின் அக்கரையில் வந்து நின்றது. வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"என்ன மாஸ்டர் சொல்லிக் குடுத்தீங்க?" என்று பூரணி அழுதது. "இவரு 'சோறி, சோறி'ங்கிறாரு. சோத்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் கடைசியாக் கேட்டது அதுதான்!"

புலி கூனிக் குறுகிப்போனது. குரங்குக்கு மானமே போய்விட்டது. விறுவிறுவென்று இறங்கி வந்து, புலியின் வாயருகே காதை வைத்தது.

"உதட்டைக் குவிக்காதீங்க. வாயை நல்லாத் திறந்து சொல்லுங்க, சாரி!"

உக்கிரபாண்டி வாயை நன்றாகத் திறந்தது. "சாரி," என்றது, துளிப் பிசிறில்லாமல். பிறகு மாஸ்டரின் கழுத்தைக் கவ்வியது.

அக்கரையில் பூரணி தலையசைத்தது. "இது சரி," என்றது.

உக்கிரபாண்டி நாவல் மர நிழலிலேயே சுருண்டு படுத்து நிம்மதியாகத் தூங்கியது.

நீதி: கடிபடுவது உறுதி என்றால், கடிப்பவரின் உச்சரிப்பையாவது திருத்திக் கொடுங்கள்.