சந்தனம் பூசிய சில்வண்டுகள்

"எந்தப் புண்ணியவான்யா என் டப்பாவுக்கெல்லாம் சந்தனம் வெச்சது?"

மணவாளன் போட்ட கூச்சலில் அம்பத்தூர் எஸ்டேட்டின் பாதித் தொழிற்சாலைகள் ஒரு நொடி நின்றிருக்கும்.

"நான்தான் சார்," என்றாள் பெருக்கித் துடைக்கும் கன்னியம்மாள், கையில் கிண்ணத்தோடு. "ஆயுத பூஜையாச்சே! லேத்துக்கு வெச்சேன், டிரில்லுக்கு வெச்சேன். இதுங்க மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? பாத்துப் பாத்து ஓட்டை மேலயே வெச்சேன். எம்மா அழகா கீது!"

"அது ஓட்டை இல்லம்மா, காது!"

கொட்டகைத் தரை நெடுக நாற்பது சோப்பு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மைக், ஒரு பஸ்ஸர். திருமுல்லைவாயில் வீட்டுக் கொல்லையில் கத்தும் சில்வண்டுகளிடம் திருடிய யோசனை அது. யாராவது கை தட்டினால் அருகிலிருக்கும் டப்பா கிரீச்சிடும். அதைக் கேட்டு அடுத்தது. அதைக் கேட்டு அதற்கடுத்தது. மேஸ்திரி கிடையாது, உத்தரவு கிடையாது. ஆனாலும் ஒலி அலை அலையாகக் கொட்டகையைச் சுற்றி வரும். பத்தரை மணிக்கு ஜெனரல் மேனேஜர் ஜம்புலிங்கம் வந்து அசந்துபோனால் மணவாளனுக்கு ஆராய்ச்சிப் பிரிவு. இல்லாவிட்டால், பதினொரு வருடமாகத் தேய்த்த அதே சால்டரிங் பெஞ்சு.

மணி பத்து இருபது.

ஈரத் துணியால் துடைத்தான். சந்தனம் கரைந்து சமர்த்தாக உள்ளே இறங்கியது. குண்டூசியால் நோண்டினான். மூன்று மைக்குகள் அங்கேயே உயிரை விட்டன. கை தட்டிப் பார்த்தான். நாற்பதும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தன.

"சாப்பிடாத ஆளாட்டம் தட்டினா? ஓங்கித் தட்டுங்க," என்று பூஜைக்கு வந்திருந்த அவன் மனைவி தாட்சாயிணியும் தட்டினாள்.

மனசு கேட்காமல் கன்னியம்மாளும் தட்டினாள்.

அந்த நேரம் பார்த்து, பூஜைக்குக் குடும்பத்தோடு வந்த ஜனம் உள்ளே நுழைந்தது. தீபாராதனை ஆகிறது போலிருக்கிறது என்று முன்னால் நின்றவர்கள் தட்டினார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் நின்றவர்கள்.

"நிறுத்துங்கய்யா! எவன் தட்டச் சொன்னது உங்கள?" மணவாளன் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான். இன்னும் பலமாகத் தட்டச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முந்நூறு பேர். முதலில் கல்மழை மாதிரித் தாறுமாறாக. பிறகு, எப்படியென்று அந்தச் சரஸ்வதிக்கே தெரியாது, ஒரே தாளத்தில். தகரக் கூரை அதிர்ந்தது. கொரட்டூர் ஸ்டேஷனில் ரயில் வருகிறதென்று ஜனம் மூட்டையைத் தலையில் ஏற்றிவிட்டதாம்.

ஜம்புலிங்கம் வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவரும் தட்டினார். காலில் இடறிய டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டார்.

"போச்சு! எல்லாம் போச்சு! கை இருந்தா தட்டிடறதா? எதுக்குன்னு கேக்க வேணாம்? மனுஷங்களா இதுங்க!" டப்பாக்களைக் கோணிக்குள் விசிறியடித்தான் மணவாளன்.

ஜம்புலிங்கத்தின் டிரைவர் ஜேம்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், திங்கக்கெழமலேந்து நீ ஆராய்ச்சிப் பிரிவாம்! 'பக்கத்து ஆளப் பாத்தே அத்தினி பேரையும் ஒரே மாரி தட்ட வெச்சான் பாரு'ன்னு, ஐயா கார்ல குந்திகினு இன்னும் தட்டிகினேதான் கீறாரு. ஆனா ஒண்ணு சொல்லச் சொன்னாரு... அட்த்த தபா இந்த சோப்பு டப்பாங்கள ஜனம் நடக்குற வழியில போட வேணாமாம்!"