காத்தானின் பத்தாவது கோழி

7-2-1966. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். 'ஆய்வு செய்ய வந்திருக்கிறேன்' என்று சொல்ல வேண்டியவன், 'விசாரிக்க வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டேன்.

அர்த்தனாரி அந்த வரியை அடித்தான். பிறகு, நடந்தது நடந்ததுதானே என்று அதையே மறுபடி எழுதினான்.

அந்த ஒரு சொல்லால் மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டுக் குக்கிராமத்தில் பதினான்கு வீடுகளின் கதவுகள் சாத்திக்கொண்டன. போலீஸ்காரன் என்று நினைத்துவிட்டார்கள்.

உண்மையில் அவன் சேலத்தில் பகலில் குமாஸ்தா, மாலையில் கல்லூரி மாணவன். வகுப்பில் அவன் பெயர் நாற்பத்தொன்று. இரண்டு வருடமாக அந்த எண்ணுக்கு 'உள்ளேன் ஐயா' என்றதைத் தவிர அங்கே எதுவும் பேசியதில்லை. குற்றவியல் ஆய்வுப் பரிசு வாங்கும் மாணவனை மட்டும் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். அதற்காகத்தான் பதினைந்து நாள் விடுப்பு. கட்டுரைக்குக் குறைந்தது பத்துத் திருட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம், அதில் ஊரார் ஒருவரின் கையெழுத்து வேண்டும்.

மறுநாள் காலை காத்தான் தானாகவே வந்தார். ஊர்க் கோடியில் தனியாகக் குச்சிக்கிழங்கு போடுகிறவர்.

"விசாரிக்க வந்தவரு நீங்கதானுங்களா? உங்க பேரு என்னங்க?"

"அர்த்தனாரி." தன் பெயரைச் சொல்லி வெகுநாளானதால் குரல் கொஞ்சம் பிசிறியது.

"என் கோழி ஒண்ணு போயிருச்சுங்க சாமி. ஊட்டுக்கு வந்து விசாரிங்க."

அர்த்தனாரி படிவத்தோடு ஓடினான். காத்தான் கிழங்கு அவித்து வைத்திருந்தார்.

"கோழிக்கூடு எங்கேங்க?"

"அது போன வாரமே போச்சுங்க."

"அப்புறம் கோழியை எதில் அடைச்சீங்க?"

"அடைக்காததாலதானுங்களே போச்சு."

அதற்குப் பிறகு தினமும் ஒரு கோழி போயிற்று. கால்களைக் கயிற்றால் கட்டச் சொன்னான். மறுநாள் கயிறும் சேர்ந்து போயிற்று. கயிற்றைத் தனித் திருட்டாகக் கணக்கிடலாமா என்று அர்த்தனாரி ஒரு மணி நேரம் யோசித்தான். கடைசியில் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு இறங்கி, ஒரு செவலைக் கோழியை வாங்கிவந்து, திருடனைப் பிடிக்கக் காத்தான் வாசலில் கட்டினான்.

காலையில் கோழி அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தது.

"இது போகலீங்க சாமி," என்றார் காத்தான். "வேற ஒண்ணு போயிருச்சு. உக்காருங்க, கெழங்கு வெந்திருச்சு."

ஒன்பது படிவங்கள் சேர்ந்தன. இன்னும் ஒன்றுதான். அர்த்தனாரி கையெழுத்துக்காகச் சின்னுசாமியின் டீக்கடைக்குப் போனான். சின்னுசாமி ஒன்பதையும் நிதானமாகப் படித்தார். கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க, இத்தனையும் காத்தான் கோழிங்களா?"

"ஆமாங்க."

"அவன் ஊட்டுக்கு வந்த மொதக் கோழியே நீங்க வாங்கிக் கட்டுனதுதானுங்க."

அர்த்தனாரிக்கு மேடை, தன் பெயர், கைதட்டல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன.

"அப்புறம் எதுக்குங்க தினமும் என்னைக் கூப்பிட்டாரு?"

சின்னுசாமி டீயை ஆற்றி அவன் முன்னால் வைத்தார்.

"பொண்டாட்டி செத்து மூணு வருசமாச்சுங்க. விசாரிக்க வந்திருக்கறேன்னு நீங்கதானே சொன்னீங்க. அவனை அதுக்கப்புறம் யாருங்க விசாரிச்சா?"

17-2-1966. ஒன்பது வழக்குகளையும் அடித்துவிட்டேன். பரிசுக்கு அனுப்ப எதுவும் இல்லை. விடுப்பு இன்னும் நான்கு நாள் இருக்கிறது. நாளை: காலை ஏழு மணிக்குக் காத்தான் வீட்டுக்குப் போய், பத்தாவது கோழியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.