காட்டேரி டாக்டரின் புழு வரைபடம்

மனிதர்களிடம் நலம்கூட விசாரிக்காமல், நாய்களுக்கு மட்டும் ஊர் விசாரித்த ஒரே ஆள் எங்கள் தெருக் காட்டேரி டாக்டர்தான். தொண்ணூறுகளில் கோவில்பட்டிக்கு மாற்றலாகி என் அடுத்த வீட்டுக்கு வந்த கால்நடை மருத்துவர். கண்ட நாய்க்கெல்லாம் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததால் தெரு வைத்த பெயர் அது.

நாய் நொண்டி வந்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊர் நாய்?" ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைப்பார். நூல்போலப் புழு நெளிந்தால் அவர் முகம் மலரும். நாய்க்காரர் முகம் வாடும்.

"கொசுதான் சார்வாள் இந்தப் புழுவ நாய்க்கு நாய் கொண்டு போவுது. எந்த ஊர்ல இருக்கு, எந்த ஊர்ல இல்லன்னு பாக்கணும். நம்ம ஜில்லா படம் ஒண்ணு போட்டுத் தாங்க."

நான் பூகோள ஆசிரியர். சுவரளவுக்கு வரைந்து கொடுத்தேன். புழு கண்ட ஊரிலெல்லாம் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினார். அந்த அம்மாள் குங்குமத்துக்கு மாறிவிட்டார்.

விளாத்திகுளம் பஸ் நிலையத்தில் ஒரு நாய் அவரையே கடித்தது. கெண்டைக்காலில் ரத்தம் வழிய, "இது உள்ளூர் நாயா, வந்த நாயா?" என்று கூட்டத்திடம் கேட்டாராம்.

சில வருடங்களில் குளத்தூர்ப் பக்கம் பொட்டு அப்பிக் கிடந்தது. கோவில்பட்டியில் ஒன்றுமில்லை. "கொசு கொண்டாந்து கொடுக்க இங்கன புழுவே இல்ல சார்வாள்!" மதுரையில் டாக்டர்கள் கூட்டத்தில் இதைப் பேசவிருந்தார்.

அப்போது நான் புதிதாகக் கொண்டுவந்திருந்த நாயின் ரத்தத்தில் புழு நெளிந்தது.

"இது எந்த ஊரு?"

பக்கத்தில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நின்றார். "இங்கனதான் பிறந்தது. வேட்டைக்குப் பேர்போன நம்மூருக் கன்னி இனம்லா!" என்றேன்.

பொய். குளத்தூர் உப்பளத்துக்காரர் ஒருவர் சும்மா கொடுத்த நாட்டு நாய். கன்னி என்று தெருவெல்லாம் பீற்றியாயிற்று; மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. இன்றும் நினைத்தால் கூசுகிறது.

கோவில்பட்டிமேல் பொட்டு விழுந்தது. மனிதர் டார்ச்சோடு வீடு வீடாகப் போய், கொசுப்புழு தேடித் தண்ணீர்த் தொட்டிகளைக் கலக்கினார்.

"குழாயில தண்ணி வந்து எத்தன நாளாச்சு தெரியுமாய்யா? நாயக் குத்துனது போதாதுன்னு எங்க தொட்டியையும் கலக்குதீரே!" ஒரு அம்மாள் விளக்குமாற்றை எடுத்தார்.

சில நாளில் டாக்டர் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். "மதுரைக்குப் போகல சார்வாள். நான் நினைச்சது தப்பு."

அதற்குமேல் தாங்கவில்லை. "டாக்டரய்யா, அது குளத்தூர் நாய். வளந்த பெறவுதான் கொண்டாந்தேன். கன்னியுமில்ல, ஒண்ணுமில்ல."

திட்டுக்குக் காத்து நின்றேன். "அப்ப நம்ம ஊரு தப்பிச்சிது!" என்று கத்தியவர் என்னைக் கட்டிக்கொண்டார். பொட்டை உரித்துக் குளத்தூரில் ஒட்டினார். மதுரைக்கும் போனார். என் நாய்க்கும் வைத்தியம் பார்த்துப் பிழைக்க வைத்தார்.

தெருவில் யார் கேட்டாலும், "சார்வாள் நாயா? சுத்தமான கன்னிலா!" என்பார். வேறு எதற்கும் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை.