குழாய்க்காரரின் நெஞ்சடைப்பு

டாக்டரிடம் போவதில்லை என்று குழாய்க்காரர் அடித்துச் சொல்லிவிட்டார். ஊர் அடைப்பையெல்லாம் எடுக்கிற மனுஷனுக்கே அடைப்பா?

மாடிப்படி ஏறினால் யாரோ நெஞ்சில் ஸ்பானர் போட்டு முறுக்குவதுபோல இருந்தது என்னவோ உண்மைதான். பாதிப் படியில் உட்கார்ந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுவார். வலி அடங்கியதும் மிச்சப் படியை மலையேறி ஜெயித்தவர் மாதிரி ஏறுவார். மனைவி மேலே நின்று பார்ப்பாள்.

"நெஞ்சு வலியா?"

"வாயு."

"டாக்டரை ஒரு தடவை..."

"தலையை வெட்டினாலும் போகமாட்டேன்."

"வெட்டின பிறகு போய் என்ன பிரயோசனம்?"

அடுத்த வாரம் அவளே பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"படி ஏறினா வலிக்குது. உக்காந்தா சரியாயிடுது. விடுங்க, வாயுவா இருக்கும்."

அவர் உடனே மருந்துக்கடைக்காரரிடம் ஓடி, பாடம் கேட்டுக்கொண்டு திரும்பினார்.

"இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல கொழுப்பு படிஞ்சா இப்படித்தான். வேலை செய்யறப்ப வலிச்சு, உக்காந்தா அடங்கினா அது ஒரு வகை. சும்மா இருக்கறப்பவே வலிச்சா ஆபத்து வாசல்ல நிக்குது. முழுசா அடைச்சா மாரடைப்பு. சிலருக்கு வலியே தெரியாது. பெரிய குழாய் சுத்தமா இருந்து, நூல் மாதிரி இருக்கற சின்னக் குழாய் மக்கர் பண்றதும் உண்டு. பொம்பளைங்களுக்கு அது அதிகமாம்."

"அதான் அடங்கிடுச்சேங்க."

"அடங்கினா போயிடுச்சுன்னு அர்த்தமா? குழாய்க்குள்ள துரு ஏறுறது வெளியே தெரியுமா? வீம்பு பிடிக்காதே. கிளம்பு."

"நீங்களும் வந்தா வரேன்."

"உன்னைத் தூக்கிட்டே போவேன்."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரைப் பார்த்துச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னாள்.

"எனக்கில்லம்மா, இவளுக்கு."

"சீட்டு உங்க பேர்லதானே இருக்கு?"

திரும்பினார். மனைவி மும்முரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படுக்க மாட்டேன்" என்றார்.

டாக்டர் வந்து, "இவருக்கு என்ன தொந்தரவு?" என்றார்.

"வகை வகையா அவரே சொல்வார் டாக்டர். சொல்லுங்க."

ஊருக்கே அடைப்பெடுத்தவர் வாயடைத்துப்போய்ப் படுத்தார்.

பரிசோதனைகள் முடிந்தன. ஒரு குழாய் குறுகியிருந்தது. முதல் வகை. நல்ல சமயத்தில் வந்தீர்கள், மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டர்.

குழாய்க்காரர் அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. "நான் இவளுக்காகத்தான் வந்தேன். முதல்ல இவ வலியைப் பாருங்க டாக்டர்."

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "எங்கம்மா வலிக்குது?"

"முழங்கால்ல" என்றாள்.