மாமி கரைசேர்த்த மருமகன்

'தெரியாது' என்று சொல்வதற்கு எனக்கு முப்பத்திரண்டு வயது வரை தெரியாது. பிரெஞ்சு தெரியுமா என்று யாராவது கேட்டால் "ஓரளவு" என்பேன். (பொன்ஜூர், மெர்சி இரண்டும்தான் அந்த ஓரளவு.) பனியில் கார் ஓடுவீரோ என்றால் "அதென்ன பெரிய வேலையோ?" என்பேன். இந்த வியாதியை ஒரே காலைப்பொழுதில் சுகப்படுத்தியவர் என் மாமி.

மாமி மட்டக்களப்பில் இருந்து முதன்முறையாகக் கனடாவுக்கு எங்களிடம் வந்திருந்தார். எங்கள் கலியாணத்தைக்கூட அவர் தொலைபேசித் திரையில்தான் பார்த்தவர். அதாவது, மருமகனை ஆறங்குல உயரத்தில் மட்டுமே கண்டிருந்தார். முழு உயரத்தில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று காட்டிவிட வேண்டும் என்ற வெறி எனக்கு. அதனால் என் மனைவி சுபா, "அம்மாவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போவமா?" என்று கேட்டதும், மொன்றியலுக்கு வடக்கே ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்குவோம் என்றேன்.

"உங்களுக்குக் கூடாரம் போடத் தெரியுமா?"

"அதென்ன பெரிய வேலையோ?"

கூடாரம் எழும்ப மூன்றரை மணித்தியாலம் எடுத்தது. எழும்பியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து யோசித்துக்கொண்டு நின்றது. மாமி அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மகன், காத்து வரும்" என்றார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை ஏரிக்கரையில் ஒடுங்கிய சிறிய வள்ளங்களை வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமியின் கண் அந்த வள்ளங்களில் போய் நின்றது. எனக்கு அது போதும்.

"வாங்கோ மாமி, ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வருவம்."

"உங்களுக்குத் துடுப்பு வலிக்கத் தெரியுமா மகன்?"

"நான் யாழ்ப்பாணத்தான் மாமி. எங்களைச் சுத்திக் கடல்தானே!" (எங்கள் ஊரிலிருந்து கடலுக்கு பஸ்ஸில் போகவேண்டும். எனக்கு நெருங்கிப் பழக்கமான ஒரே தண்ணீர், கிணற்றுத் தண்ணீர்.)

பூங்காவில் வேலைசெய்த பெண் இரண்டு துடுப்புகளை நீட்டினாள். ஒன்றைப் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்தேன். மாமியை வேலை வாங்குவதா? லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு இருவரும் ஏறினோம். சுபா கரையில் நின்று வீடியோ எடுத்தாள்.

முதல் பத்து நிமிடம் வள்ளம் ஒரே இடத்தில் வட்டமடித்தது. "இடத்தைச் சுத்திக் காட்டுறன் மாமி" என்று சமாளித்தேன். பிறகு காற்று எழும்பியது. வட்டம் நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் கரை சின்னதாகிக்கொண்டு போனது. சுபா ஒரு பெருவிரல் அளவுக்கு வந்துவிட்டாள். அவள் கையை ஆட்டுவது, வா என்கிறாளா போ என்கிறாளா என்று புரியவில்லை. அலைகள் பக்கவாட்டில் வந்து அடித்தன. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. மாமிக்கு எழுபதை நெருங்கும் வயது. ஏதாவது நடந்தால் சுபாவின் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பதற்றத்தில் இரண்டு கையாலும் ஓங்கி ஒரு வலி வலித்தேன். துடுப்பு நழுவித் தண்ணீரில் விழுந்து, தன் பாட்டில் மிதந்து போனது.

"மாமி, பயப்பிடாதேங்கோ!" என்று கத்தினேன். கத்திய குரல் என்னுடையது போலவே இல்லை.

"நான் பயப்பிடல்ல மகன். நீங்க எழும்பாம இருங்க. அது போதும்."

மாமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். வள்ளத்தின் ஓரமாகக் கையை விட்டு நாலுதரம் தண்ணீரைத் தள்ளினார். நாய்க்குட்டி போல வள்ளம் அவர் சொன்ன பக்கம் போனது. துடுப்பை எட்டி எடுத்தார். எடுத்ததை என்னிடம் தரவில்லை. காற்றுக்கு எதிராக வள்ளத்தின் மூக்கைத் திருப்பி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று சத்தமில்லாமல் வலிக்கத் தொடங்கினார்.

"மாமி... உங்களுக்கு இது தெரியுமோ?"

"எங்கட ஊர்ல ஆத்தைக் கடந்துதானே பள்ளிக்குப் போற. பத்து வயசில இருந்து தோணி வலிச்சிருக்கன்."

"பின்னை ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்க ஆசையாக் கூட்டிட்டு வந்தீங்க. அதை எப்பிடிச் சொல்லுற?"

நான் வள்ளத்தின் முன்பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டை போலக் குந்திக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. கரை திரும்பப் பெரிதாவதைப் போல அழகான காட்சி எதையும் அதுவரை நான் கண்டதில்லை.

கரை நெருங்கியதும் மாமி துடுப்பை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க, புடிங்க. புள்ள பாக்கிறா." எவ்வளவு பெரிய மனது! நான் வாங்கி இரண்டு தரம்தான் வலித்தேன். வள்ளம் மறுபடி ஏரியின் பக்கம் முகத்தைத் திருப்பியது. மாமி துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

எங்களைக் காப்பாற்றவென்று பூங்காவின் மோட்டார் படகு ஒன்று வந்து, தேவையில்லாமல் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. கரையில் இறங்கியதும் அந்தப் படகோட்டி அம்மையார் மாமியின் கையைப் பிடித்துக் குலுக்கி, என்னைக் காட்டி சுபாவிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். சுபா அழுதுகொண்டிருந்தவள், அதைக் கேட்டு அழுகையின் நடுவே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஏரிக்க தவிச்சுக்கொண்டு நிண்ட இவரை அம்மா போய்க் காப்பாத்திக் கொண்டு வந்தவவாம். இவர் எந்தக் கூடாரத்து ஆள் எண்டு கேக்கிறா."

இல்லை, இவர் என் புருசன் என்று சுபா விளக்கினாள். அந்த அம்மையார் நம்பவில்லையோ, நம்பியும் பூங்காவின் விதிமுறை விடவில்லையோ, ஒரு படிவத்தை எடுத்து நிரப்பினார். காப்பாற்றியவர் என்ற இடத்தில் மாமியின் பெயர். காப்பாற்றப்பட்டவர், பிரெஞ்சில் 'ரெஸ்காப்பே', என்ற இடத்தில் என் பெயர். கீழே நானே கையெழுத்து வைத்தேன். சூடான தேநீர் தந்தார்கள். அதைப் போல ஒரு தேநீரை நான் குடித்ததேயில்லை.

மாமி ஊருக்குத் திரும்பி ஒரு வருடமாகிறது. கனடாவில் இருந்து அவர் கொண்டுபோன பிரெஞ்சு ஒரே ஒரு சொல்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தால் சுபாவிடம் முதலில் கேட்பது இதைத்தான்:

"ரெஸ்காப்பே சாப்பிட்டாரா மகள்?"