‘அதோ பார்’ ஆசாமியும் இன்வர்கார்டன் டால்ஃபின்களும்

கப்பலில் சுற்றுலா போகிறவர்களில் பல இனங்கள் உண்டு. சாப்பிடுவதற்காகவே வருகிறவர்கள், அந்தச் சாப்பாட்டைக் குறை சொல்வதற்காகவே வருகிறவர்கள், பேரப்பிள்ளைகளைத் தலையில் கட்டப் பார்க்கும் மகளிடமிருந்து தப்பித்து வருகிறவர்கள். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. நான் சொல்ல வந்தது வேறொரு இனம். கப்பல் கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே மேல்தளத்துக் கம்பியோரம் போய் இடம் பிடித்து, கழுத்தில் தொலைநோக்கி, தோளில் கேமரா, காதை மூடும் குல்லாய், பையில் பறவைப் புத்தகம் சகிதம் நின்றுகொண்டு, பக்கத்தில் வருகிறவர் போகிறவரை எல்லாம் முழங்கையால் இடித்து “அதோ!” என்று சொல்லும் இனம்.

எதோ? அதுதான் யாருக்கும் தெரியாது. நீங்கள் திரும்புவதற்குள் அது முங்கிவிட்டிருக்கும், பறந்துவிட்டிருக்கும், பாறைக்குப் பின்னால் போய்விட்டிருக்கும். “அடடா, இப்பத்தான் இருந்துச்சு. ஒரு செகண்டு முன்னாடி பார்த்திருக்கணும் நீங்க!” என்பார். அந்தக் குரலில் உங்களுக்காக ஒரு வருத்தம் இருக்கும். அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருக்கும். இதை எழுதுகிறவனுக்கு எப்படி இவ்வளவு விவரம் தெரியும் என்று கேட்காதீர்கள். என்னிடமும் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. மூடியைக் கழற்ற மறந்தபடியே அதன் வழியாக ஒரு கழுகைப் பார்த்துப் பரவசப்பட்டிருக்கிறேன்.

இந்த இனத்தின் சுத்தமான வார்ப்பு இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் ஊர் செட்ரிக். கார் ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டு, ஓட்டுகிற பிள்ளை எதை எதைப் பார்க்கத் தவறியது என்று குறித்துவைப்பதற்கு அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது அதே வேலையை இலவசமாகச் செய்கிறார். அதிகம் அனுபவிப்பது அவர் மனைவி கிளெனிஸ்.

கப்பலேறிய முதல் நாள், கடல் விலங்குகளைப் பற்றி ஒரு பெண் சொற்பொழிவாற்றினார். கப்பலின் மூக்கைப் பன்னிரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், வால் ஆறு, வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்பது. எதையாவது கண்டால் விரலை நீட்டாமல் மணியைச் சொல்லுங்கள் என்றார். தூங்கி வழிந்த கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அன்றோடு செட்ரிக்கின் ஆள்காட்டி விரலுக்கும் ஓய்வு கிடைத்தது. காலைச் சாப்பாட்டில் உப்பு ஜாடியைக்கூட “ரெண்டு மணியில இருக்கு, கிளெனிஸ்” என்றுதான் கேட்டார்.

இந்தக் கப்பல்களில் ஒரு கொடுமை உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மேசையில் உட்கார வைத்துவிட்டால், பயணம் முடியும்வரை அதே மேசை, அதே முகங்கள். செட்ரிக் தம்பதி வாய்த்தது, பரி என்ற ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்த லோமாக்ஸுக்கும் அவர் மனைவி ஐவிக்கும். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த லோமாக்ஸ், ஒருநாள் கறித் துண்டை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

“நேத்து ஒரு திமிங்கிலம், முந்தாநாள் கடல்நாய், இன்னிக்குக் கழுகு. எல்லாம் உங்க கண்ணுக்கு மட்டும்தான் ஆப்புடுது வாத்தியாரே. எங்களுக்கு இருக்கிறது என்ன, கோலிக்குண்டா?”

“பார்க்கத் தெரியணும், லோமாக்ஸ்.”

“சரி. நாளைக்கு இன்வர்கார்டன் துறைமுகத்துல இருந்து கிளம்புறோம். ரெண்டு குன்றுக்கு நடுவுல கடல் திறக்குமே, அதைத் தாண்டுறதுக்குள்ள ஒரு டால்ஃபினைக் காட்டுங்க. கிளெனிஸையும் சேர்த்து எங்க மூணு பேர்ல யாராவது ஒருத்தர் ‘ஆமா, பார்த்தேன்’னு சொன்னாப் போதும். நான் உங்க தொலைநோக்கியைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உங்க பின்னாடியே வர்றேன்.”

“யாரும் சொல்லலைன்னா?”

“ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் மிருகம், பறவை, மீன் எதைப் பத்தியும் நீங்க வாயைத் திறக்கப்படாது. தட்டுல வர்ற மீனை வேணும்னா நல்லாயிருக்குன்னு சொல்லிக்குங்க.”

“மலையையும் சேர்த்துக்குங்க,” என்றார் ஐவி அவசரமாக. “நேத்து சாயங்காலம் பூரா மலைதான்.”

செட்ரிக் மேசைக்கு மேலாகக் கை நீட்டிக் குலுக்கினார். கிளெனிஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

வெளியில் வீரமாகக் கை குலுக்கினாலும் செட்ரிக்குக்கு உள்ளூர உதறல்தான். யோசித்துப் பாருங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் இருப்பது அவரைப் பொறுத்தவரை பார்க்காததற்குச் சமம். வாயைக் கட்டிவிட்டால் மிச்சப் பயணம் முழுவதும் அவர் கண்ணையும் கட்டின மாதிரிதான். சூதாட்டத்தில் வீட்டை வைத்தவன்கூட இப்படித் தவித்திருக்க மாட்டான்.

மறுநாள் கிளம்புகிற நேரம். கரையில் ஸ்காட்லாந்து ஆண்கள் தங்கள் வழக்கப்படி கட்டம் போட்ட பாவாடை உடுத்திப் பை வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல் தூறல். முன்தளத்தில் காற்று ஆளைத் தள்ளியதாலும், வாத்தியத்துக்குக் கையசைக்க வேண்டியிருந்ததாலும், பயணிகள் எல்லாரும் கப்பலின் பின்தளத்தில் கரையைப் பார்த்தபடி கூடியிருந்தார்கள். கிளெனிஸ் கையில் ஒரு தேநீர்க் கோப்பை. லோமாக்ஸ் கைகளைக் கட்டிக்கொண்டு சாட்சி மாதிரி நின்றார்.

“ஏழு மணி! கடல்நாய்!” என்றார் செட்ரிக். அது ஒரு லாரி டயர். “எட்டு மணி! ஏதோ பெரிசா மிதக்குது!” அது மிதவை. வழிகாட்டத்தான் அங்கே போட்டிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஓர் அம்மாள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இந்த மனுஷருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கிளெனிஸிடம் விசாரித்தார். வேலையில்லாமல் நிறுத்திவைத்திருக்கும், கடலில் எண்ணெய் தோண்டும் மேடைகளைக் கப்பல் கடந்தது. ஊர் பின்னால் சிறுத்தது. குன்றுகள் இரண்டும் நெருங்கி வந்தன. செட்ரிக் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை. லோமாக்ஸ் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார், ஜெயிக்கிறவர்கள் முணுமுணுப்பார்களே, அப்படி.

அப்போதுதான் அது நடந்தது. சாம்பல் நிறத்தில் வளைந்த துடுப்பு ஒன்று தண்ணீரைக் கிழித்து எழுந்தது. டயர் அல்ல, மிதவை அல்ல. நிஜம்.

“மூணு மணி!” என்று அலறினார் செட்ரிக். “மூணு மணி! டால்ஃபின்!”

அந்த அலறலில் இருந்த உண்மை எல்லாரையும் உலுக்கியது. பின்தளத்துக் கூட்டம் மொத்தமும், லோமாக்ஸும் ஐவியும் உட்பட, தத்தம் வலப்பக்கம் பாய்ந்தது. கரையைப் பார்த்து நிற்பவனுக்கு வலப்பக்கம் எது? கப்பலுக்கு இடப்பக்கம்.

“அங்கே இல்லை! மூணு! கப்பலோட மூணு!”

“என் மூணு இதுதானேய்யா!” என்றார் லோமாக்ஸ், கம்பியில் தொங்கியபடி.

“நீங்க திரும்பி நிக்கிறீங்க. உங்களுக்கு மூணு, கப்பலுக்கு ஒன்பது!”

“அப்ப ஒன்பதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?”

“ஒன்பதுன்னா கப்பலுக்கு அது இடது. மூக்குதான் பன்னிரண்டு, அதை முதல்ல மனசுல வெச்சுக்கணும்...”

“விரலை நீட்டுங்க மனுஷா!” என்று கத்தினார் ஐவி.

“விரல் நீட்டுறது முறை இல்லை!” என்றார் செட்ரிக். சொல்லிவிட்டு, விஷயத்தைத் தெளிவாகப் புரியவைப்பதற்காகக் கடலுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டார். பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது என்று காற்றில் ஒரு கடிகாரமே வரைந்து காட்டினார். நல்ல விளக்கம். பிறகு திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் இஸ்திரி போட்ட துணியாகக் கிடந்தது.

ஆனால் திரும்புகிற வழியில் அவர் வேறொன்றைப் பார்த்துவிட்டார். கூட்டத்தோடு ஓடாமல் கிளெனிஸ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். மணி சொன்னால் அவர் கேட்பதே இல்லை. புருஷன் மூஞ்சி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் பார்ப்பார், அவ்வளவுதான். அவருடைய முகவாய் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. கோப்பை சாய்ந்து தேநீர் செருப்பில் வழிவதுகூடத் தெரியவில்லை.

குன்றுகள் பின்னால் போய்விட்டன. லோமாக்ஸ் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

“நானும் பார்க்கலை, ஐவியும் பார்க்கலை. கிளெனிஸ், நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைதான் தீர்ப்பு. பார்த்தீங்களா?”

செட்ரிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுப் பூனையிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாதவர் கிளெனிஸ். அவர் காலிக் கோப்பையைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

“இல்லையே,” என்றார். “அலைதான் ஏதோ.”

அறைக்குள் போனதும் செட்ரிக் முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார். கிளெனிஸ் சாப்பாட்டுக்குக் கிளம்புவதற்காகக் கண்ணாடி முன் நின்று தோடு மாட்டிக்கொண்டிருந்தார்.

“உன் தலை மேலயும் கீழயும் போச்சு. நான் பார்த்தேன்.”

“அஞ்சு இருந்துச்சு,” என்றார் கிளெனிஸ் நிதானமாக. “அதுல ஒண்ணு குட்டி.”

“அப்புறம் ஏன் இல்லைன்னே? அதுவும் அந்த லோமாக்ஸ் முன்னாடி!”

கிளெனிஸ் கட்டிலில் உட்கார்ந்தார். “கட்டிக்கிட்ட நாள்ல இருந்து நான் பார்த்தது பூரா நீ காட்டினதுதான், செட்ரிக். வானவில் வந்தா, அது எப்படி வருதுன்னு நீ சொல்லி முடிக்கிறதுக்குள்ள போயிடும். இன்னிக்கு நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டே. முதல் தடவையா ஒண்ணை நானா பார்த்தேன். அதைக் கொண்டுபோய் மேசையில வெச்சு எல்லாருக்கும் பங்கு போட எனக்கு மனசு வரலை.”

செட்ரிக்குக்குச் சுருக்கென்றது. கோபம்தான் முதலில் வந்தது. அது போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. டால்ஃபின் குட்டி தாயை விட்டு எத்தனை காலம் பிரியாது என்ற தகவல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. விழுங்கினார். தொண்டையில் முள் மாதிரி இறங்கியது.

“குட்டி எப்படி இருந்துச்சு?” என்றார்.

“எதுக்கு? நீளம் எவ்வளவுன்னு நீ திருத்தவா?”

“இல்ல கண்ணு. சும்மா சொல்லேன்.”

கிளெனிஸ் சொன்னார். கையை வைத்துக் காட்டிச் சொன்னார். தாய் குதித்தால் அதுவும் குதித்ததாம், ஆனால் எப்போதும் ஒரு நொடி தாமதமாம், பாதி தூரம் எழும்பித் தொப்பென்று விழுந்ததாம். முதுகுத் துடுப்பை ‘இறக்கை’ என்றார். டால்ஃபினை நடுநடுவே ‘மீன்’ என்றார். செட்ரிக் ஒவ்வொரு தடவையும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கேட்டுக்கொண்டே இருந்ததில் இருவரும் சாப்பாட்டுக்குத் தாமதமாகத்தான் போனார்கள். லோமாக்ஸ் அமைதியின் பேரில் கோப்பையை உயர்த்தினார். செட்ரிக்கும் உயர்த்தினார். சன்னலுக்கு வெளியே மேகம் விலகி மலைகள் பொன்னாக நின்றன, யாரும் எதுவும் சொல்லவில்லை. ஐவியால்தான் பொறுக்க முடியவில்லை. மெல்லப் புருஷனை இடித்தார்.

இனி உங்களிடம் வருகிறேன். செட்ரிக்கை எண்ணி நன்றாகச் சிரித்திருப்பீர்கள். அவர் மாதிரி ஆள் நம் வீட்டில் இல்லை என்று நிம்மதியும் பட்டிருப்பீர்கள். ஒரே ஒரு கேள்வி. படித்துக்கொண்டு வரும்போது எங்காவது ஓரிடத்தில், பக்கத்தில் தன்பாட்டுக்கு எதையோ பார்த்துக்கொண்டு இருந்தவரை இடித்து, “இங்கே கேளேன், இந்த இடம் எவ்வளவு நல்லாயிருக்கு!” என்று வாசித்துக் காட்டினீர்களா?

அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டீர்களா?