எழுநூறு கிலோமீட்டரும் ஒரு வெளியாளும்

என் மனைவியின் அண்ணனும், எங்கள் கல்யாணப் பேச்சின்போது எனக்காக வாய் திறந்த ஒரே மனிதருமாகிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். அங்கே தாங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுமார். உங்கள் தங்கை அளவுக்கு மீறிய சௌக்கியம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். முப்பத்தோரு வருடமாக மேலே போய்க் கீழே வருவதுதான் என் பயணம். பக்கவாட்டில் அதிகம் போனதில்லை. உங்கள் தங்கையும் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து காலை நீட்டி உட்காருவாள் என்று நிம்மதியாக இருந்தேன். போன வருடம் முழங்கால் வலிக்கிறதென்று எலும்பு டாக்டரிடம் போனாள். தினமும் பத்து நிமிடம் சைக்கிள் ஓட்டுங்கள் என்று அந்தப் புண்ணியவான் சொல்லிவிட்டார். முதலில் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டினாள். பிறகு ஆஸ்பத்திரியைத் தாண்டி ஓட்டினாள். பிறகு தார் ரோடே பிடிக்காமல் போய், கல்லும் சேறும் இருக்கிற பக்கமாகத் தேடித் தேடி ஓட்டினாள். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "எழுநூறு கிலோமீட்டர் காட்டுப் பாதை இருக்காம். ஆறு நாள்ல முடிக்கணுமாம். போலாம்னு இருக்கேன்" என்றாள். "நல்ல பஸ்ஸா பாத்துப் போ" என்றேன் நான். அவள் மடித்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில்தான் பஸ் இல்லை என்று புரிந்தது.

அப்போது ஆரம்பித்தது சண்டை. அவளுக்குத் தனியாகப் போக ஆசை. நினைத்த நாளில், நினைத்த நேரத்தில். ஆனால் வருடத்தில் ஒருநாள் பந்தயமாக நாற்பது பேர் ஒன்றாகக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்ததும் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "போறதுன்னா கூட்டத்தோட போ." "கிளம்புறது மட்டுந்தாங்க கூட்டம். அப்புறம் அவங்கவங்க பாடு." நான் நம்பவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக, முன்னால் ஒருவர் விசில் ஊத, நாற்பது பேரும் போவார்கள் என்றே கற்பனை செய்திருந்தேன். மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முதல் ஒன்றரை நாள் அதை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம். கடைசியில் எனக்காகச் சரி என்றாள்.

கிளம்புகிற காலையில் நூலகத்துக்கு முன்னால் எல்லோரும் கூடியிருந்தார்கள். சைக்கிள் கம்பிக்குள் ஒரு பை, இருக்கைக்குப் பின்னால் ஒரு பை, கைப்பிடியில் சுருட்டிய கூடாரம். குடித்தனமே சக்கரத்தில் ஏறியிருந்தது. நான் ஒவ்வொருவராகப் போய் ஜாதகம் விசாரித்தேன். உயரமாக, நீளக் கழுத்தோடு, ஏழு தடவை இந்தப் பாதையை முடித்த ஒருவர் இருந்தார். எல்லோரும் 'ஒட்டகம்' என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், என் வீட்டுக்காரிக்கு இது முதல் தடவை. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றேன். "கவலைப்படாதீங்க" என்றார். திரும்பினால் உங்கள் தங்கை நிற்கிறாள். முகத்தைச் சொல்ல வேண்டாம். ஹெல்மெட்டின் வாரை அவள் இறுக்கிய வேகத்தில் என் கழுத்தே இறுகியது போல இருந்தது.

அவள் சொன்னது அப்படியே நடந்தது, மச்சான். சைக்கிளில் தீப்பெட்டி அளவு ஒரு கருவி கட்டியிருக்கிறார்கள்; நம் போனில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளியாகத் தெரிவார்கள். காலையில் ஒரே கொத்தாகக் கிளம்பிய புள்ளிகள், மதியத்துக்குள் தரையில் சிந்திய கடுகு மாதிரி ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. நான் வேலை செய்த கட்டடத்தில் அவள் புள்ளி ஆற்றைக் கடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில், சோதனைக்காக நிறுத்திய லிஃப்டுக்குள் மேனேஜர் இருந்ததை மறந்துவிட்டேன். நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நாற்பது நிமிடம். அவள் ஆற்றைக் கடந்த பிறகுதான் அவருக்கு விமோசனம்.

இரண்டாம் நாள் மதியம் போனைப் பார்த்தேன். உங்கள் தங்கையின் புள்ளியும் ஒட்டகத்தின் புள்ளியும் ஒட்டிக்கொண்டு ஆமை வேகத்தில் நகர்கின்றன. போன் போட்டால் சிக்னல் இல்லை. பந்தயம் நடத்தும் அம்மாளைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேரும் நடக்கிறாங்க. யாருக்கோ அடிபட்டிருக்கும் போல. எங்க வண்டி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு, வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும்" என்றார். "நான் மூணு மணி நேரத்துல போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேனை எடுத்தேன். எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீயும், துவைத்த சாக்ஸும், கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டேனே தவிர, செருப்பு மாற்ற மறந்துவிட்டேன்.

காட்டுப் பாதை வண்டிப் பாதையைச் சந்திக்கும் இடத்தில் ஒரு மரக் கொட்டகை. உள்ளே முழங்கால் வரை சேறோடு உங்கள் தங்கை முழுசாக நின்றாள். படுத்திருந்தது ஒட்டகம். ஈர வேரில் சக்கரம் வழுக்கித் தோள் எலும்பு போயிருக்கிறது. பின்னால் வந்தவள் அவர் முனகலைக் கேட்டு, சரிவில் இறங்கி, சைக்கிள் டியூபையே தூளியாக்கிக் கையைக் கழுத்தோடு கட்டி, ஆறு கிலோமீட்டர் நடத்திக் கூட்டி வந்திருக்கிறாள். ஒரு சைக்கிளைக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு, திரும்பி வந்து அடுத்ததைத் தள்ளி. அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பேரும் நிற்கிறோம் என்றார்களாம். "ஒருத்தர் நேரம் போனா போதும்" என்று அனுப்பிவிட்டாளாம். என்னைப் பார்த்ததும் ஒட்டகத்தின் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சிக்குங்க சார். நீங்க சொன்னதை என்னால செய்ய முடியலை" என்றார்.

நான் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். உங்கள் தங்கை ஒரு அடி பின்னால் போனாள்.

"அதை என் பக்கம் நீட்டாதீங்க. வெளியாள் உதவி வாங்கக் கூடாது. ரூல்."

"நான் வெளியாளா?"

"ஆமா."

முப்பது வருடக் குடித்தனம், மச்சான். எதிரில் நின்று அந்த டீயை நானே குடித்தேன். அவள் சாக்ஸைக்கூடத் தொடவில்லை. ஒட்டகத்தையும் அவர் சைக்கிளையும் வேனில் ஏற்றியதும், "மெதுவா ஓட்டுங்க, அவருக்குக் குலுங்கக் கூடாது" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு, தன் சைக்கிளில் ஏறிக் கிளம்பினாள். செங்குத்தான ஏற்றம். மழை வேறு பிடித்துக்கொண்டது. பெடல் மேல் எழுந்து நின்று, ஒவ்வொரு மிதியாக ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் களைத்து வாசலில் நுழைகிறவளைத்தான் பார்த்திருக்கிறேன். இப்படி ஏறிப் போகிறவளைப் பார்த்ததே இல்லை. மரங்கள் மறைக்கிற வரைக்கும் நின்றேன். வேனுக்குள்ளிருந்து ஒட்டகம், "உங்க வீட்டம்மா பலே ஆள் சார்" என்றார். பதிலுக்கு ஹாரனை அடித்துவிட்டேன்.

ஆறு நாள் கெடு முடிந்து நாற்பது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தாள். அதனால் முடித்தவர்கள் பட்டியலில் பெயர் இல்லை. உதவிக்குப் போன நேரத்தைக் கழித்துக்கொள்கிறோம் என்று அந்த அம்மாள் எவ்வளவோ சொன்னார். "வேண்டாங்க, நேரம்னா நேரந்தான்" என்றுவிட்டாள். முன்னாலேயே முடித்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்து கை தட்டினார்கள். நானும் தட்டினேன், வெளியாள் தட்டலாமாம், கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேறு கழுவும்போது சொன்னாள்: "முதல் நாள் பூரா நான் பாதையையே பாக்கலைங்க. முன்னாடி போனவங்க டயர் தடத்தைத்தான் பாத்தேன். யாரு முந்துறாங்க, யாரு பிந்துறாங்கன்னே மனசு ஓடுச்சு. அவரை அனுப்பிட்டு எல்லாருக்கும் கடைசியா ஆனப்புறந்தான் காடு தெரிஞ்சுது. அடுத்த மாசம் அதே பாதையில தனியாப் போறேன்."

"தனியாப் போயி நீ விழுந்தா, பின்னாடி யாரு வருவா?" என்றேன். பிரஷ்ஷால் சங்கிலியைத் தேய்த்தாள். "அந்தப் பயம் எனக்கும் இருக்கு. இருந்தாலும் போகணும்" என்றாள்.

அதனால்தான் எழுதுகிறேன். என் பேச்சு எடுபடாது. உங்கள் பேச்சை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, அண்ணன் என்ற முறையில், "தனியாப் போகக் கூடாது" என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் பஞ்சமில்லாமல் பகிர்ந்து கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் அவளே இதைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினாள். "அனுப்புங்க. அண்ணன் வேண்டாம்னா போகலை" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைப் போர்வையால் மூடி, பரணுக்கு அடியில் தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை "போயிட்டு வாம்மா" என்று சொல்லுங்கள். நானே சொல்லலாம்தான், சொல்லும்போது என் குரல் நடுங்கும், அதைக் கேட்டால் அவள் போக மாட்டாள்.